இரட்டைக்குண்டுக் கொட்டிலில் இருபத்துநான்கு நாள்

“அடேய் இடக்கைக் குண்டே! உனக்குக் கூச்சநாச்சம் இருக்கா? முழங்கை கோழி றெக்கை மாதிரி விரியுது, நீ பாட்டுக்கு மேல போறியே!”

“அது நம்முடைய குண்டு. அதைத் திட்டுவது நம்மைத் திட்டுவது.”

“நான் இரும்பைத்தான் திட்டுறேன் ராசா. இரும்பு எங்க வீட்டுப் பிள்ளை. காய்ச்சுவோம், அடிப்போம், திட்டுவோம். நடுவுல நீங்க ஏன் வர்றீங்க?”

“வாயை மூடு, கொல்லன் மகளே!”

“குண்டைக் கீழ வைங்க முதல்ல! வெத்திலை விழுந்து அரை நாழி ஆச்சு!”

திரைகடல் மூன்று புறமும் காவல் நிற்கும் ஆழிமுக நாட்டின் பெருந்தேவியார், உப்பளம் நூறுடைய பூங்கோதைப் பெருமாட்டியாரின் திருமுன்புக்கு, நெடுவரம்பு நாட்டு வேந்தர் வெண்கொற்றப் பெருமானின் ஓலைநாயகம் அடிபணிந்து விடுக்கும் ஓலை. தங்கள் துறைகளில் தோணி குறையாதிருக்க. தங்கள் உப்பளங்களில் காலந்தப்பிய மழை பெய்யாதிருக்க. எங்கள் ஏரிக்கும் தங்கள் கழிக்கும் நடுவிலுள்ள கரை என்றும் உடையாதிருக்க.

வாழ்த்தை முன்னும் வழக்கைப் பின்னும் வைப்பதே ஓலை மரபு. ஆயினும், நிச்சயநாளன்று தங்கள் வாயிலில் பந்தலிட்டுக் காத்திருந்தும் எங்கள் வேந்தர் வாராத காரணம் யாதென்று வினவிய தாங்கள், பூசி மெழுகாமல் சண்டையிலிருந்தே தொடங்கி, சொன்னவர் சொன்ன சொல்லிலேயே எழுதுக என்றும் பணித்தபடியால், சண்டையை மேலே வைத்தேன். என் எழுத்தறைக்கும், அரண்மனையார் இரும்பு தூக்கிப் பழகும் குண்டுக்கொட்டிலுக்கும் ஒரே சுவர். அதில் காலதர் என்னும் சிறு சாளரம் ஒன்று. எட்டிப் பார்ப்பது ஓலைநாயகத்துக்கு அழகன்று என்பர் சிலர். எட்டிப் பாராத ஓலைநாயகம் எதைத்தான் எழுதுவது?

நிகழ்ந்தது இது. தங்கள் தங்கையார், இளையபிராட்டி தண்ணிலையாரை நிச்சயம் செய்ய வரும் மணமகன், பெண்வீட்டு வாயிலில் கைக்கொரு வெண்கல விளக்கேந்தி, தொடையிலிருந்து தோள்வரை பன்னிரு முறை ஏற்றி இறக்கவேண்டும் என்னும் இருநாட்டு வழக்கம் தாங்கள் அறிந்ததே. திங்களுக்கு ஓர் ஏற்றம்; ஆண்டு முழுதும் வீட்டுப் பாரத்தைச் சுமப்பேன் என்பது அதன் பொருள். எங்கள் வேந்தருக்கு அகவை நாற்பத்தொன்று. அவருடைய கைகள் அதுவரை தூக்கிய பெரும்பாரம் வெற்றிலைச் சுருள் ஒன்றே. அதையும் மடித்துக் கொடுக்க அடைப்பைக்காரர் பூதனார் கூடவே இருப்பார்.

இதை எண்ணி உறக்கமிழந்த அமைச்சர் கண்டீரனார், ஒருவருக்கும் தெரியாமல் (எனக்குத் தெரியும்) கொல்லுலைக்கு ஆள் விட்டு, புதிதாய்ப் பழகுவோர்க்கு ஏற்ற சிறு இரட்டைக்குண்டு இணையொன்று அடிக்கச் சொன்னார். கைப்பிடிக்கு ஒரு சாண் இரும்புத்தண்டு, அதன் இருமுனையிலும் உருண்டை. ஒவ்வொரு குண்டும் இரண்டு தேங்காய்க் கனம். அதை எடுத்து வந்தவள் கொல்லர் மகள் எயினி. அவளுக்கு அப்போது கையில் மணமஞ்சள் காயவில்லை. உப்புத்தோணி ஓட்டும் அலவன் என்பவனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். குண்டைக் கொடுத்துவிட்டு உடனே திரும்புவோம் என்று செருப்பைக் கொட்டில் வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள்.

சிறு குண்டைக் கண்ட வேந்தரின் முகம் சிவந்தது. இது தொட்டிலில் கட்டும் கிலுகிலுப்பையா என்று கேட்டார். மூலையில் கிடந்த தம் பாட்டனாரின் குண்டிணையை நோக்கி நடந்தார். அவை ஒவ்வொன்றும் பெரும் பூசணிக்காயின் கனம். அவ்விரும்பின்மேல் கைவைத்துச் சூளுரைத்தார்: “பாட்டனார் குண்டைப் பன்னிரு முறை ஏற்றும்வரை இவ்வாயிலை நாமும் தாண்டோம், இங்கு நிற்கும் எவரும் தாண்டார்!”

பெருமாட்டி, முற்பாதிதான் சூள். பிற்பாதி ஓசை நயத்துக்காகச் சேர்த்தது. அந்த ஓசை நயத்துக்குள் இருவர் அகப்பட்டனர்: ஒருத்தி எயினி, மற்றவர் பூதனார். இரும்பின்மேல் சொன்ன சொல்லை அரசராலும் திரும்பப் பெற இயலாது என்பது எங்கள் நாட்டு விதி. வாயிலுக்கு வெளியே நின்ற அமைச்சர் கதவைப் பூட்டித் திறவுகோலை இடையில் செருகிக்கொண்டார். அவர் முகத்தில் வருத்தம் இருந்தது. ஆனால் அரசர் உள்ளேயும் அரசு வெளியேயும் இருக்கும் ஏற்பாடு கைகூடிய அமைச்சர் முகத்தில் எவ்வளவு வருத்தம் இருக்குமோ அவ்வளவே.

எயினி கதவில் இரு கையாலும் அறைந்தாள். “ஐயா, நான் என்ன சபதமா போட்டேன்? குண்டு கொண்டாந்தவ ஐயா! வாசல்ல செருப்பு கெடக்கு, பாருங்க!”

அமைச்சர் செருப்பைப் பார்த்தார், இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், போய்விட்டார்.

அவள் கலங்கியது வீண் கலக்கமன்று. இருபத்துநான்காம் நாள், நிறைமதியன்று, உச்சிப்பொழுதில் கடல்நீர் ஏறித் திரும்பும் ஏற்றவற்றத்தில் உப்புத்தோணிகள் அனைத்தும் முகத்துவாரம் கடக்கும். தோணிக்காரர் வழக்கம் தாங்கள் அறியாததன்று: மணமாகாமல் முகத்துவாரம் கடந்தவன் மூன்றாண்டு தோணிக்கே உரியவன், கரையில் அவனுக்குப் பெண்ணும் இல்லை, வீடும் இல்லை. ஆக, எயினியின் தாலி வேந்தரின் மேற்கையில் தொங்கிற்று. அந்த மேற்கையோ வேகவைத்த சேப்பங்கிழங்குபோல் இருந்தது.

முதல் ஏழு நாளும் கொட்டிலில் நடந்ததைக் கண்டவர் சிரித்திருப்பர். அவளால் சிரிக்க முடியவில்லை. வேந்தர் பாட்டனார் குண்டை இரு கையிலும் பற்றி, இடுப்பை முன்னே எறிந்து, முதுகைப் பின்னே வளைத்து, தோளைக் காதுவரை தூக்கி, ஏற்றத்தில் நீர் இறைப்பவர்போல் உடம்பையே ஊஞ்சலாட்டினார். கொட்டிலின் விதியோ வேறு. முழங்கைக்கும் விலாவுக்கும் இடையே பக்கத்துக்கொரு வெற்றிலை செருகவேண்டும். முழங்கை விலகினால் வெற்றிலை விழும். விழுந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து. பூதனார் வெற்றிலையைச் செருகுவார், அது விழும். மறுபடி செருகுவார், மறுபடி விழும். விழுந்ததைத் துடைத்துச் சுண்ணாம்பு தடவித் தாமே மென்றுவிடுவார். வெளிச்சாளரத்தில் கூடிய அவையோரோ ஒவ்வொரு ஊஞ்சலுக்கும் மலையைத் தூக்கிய தோளே வாழ்க என்று முழங்கினர். வெற்றிலை விழுந்ததை ஒருவரும் காணவில்லை. அரசவையில் காணாதிருப்பதற்கே மானியம்.

எயினி கண்டாள். பிறந்தது முதல் சம்மட்டி பிடிக்கும் கைகளைப் பார்த்து வளர்ந்தவள். எந்தத் தசை வேலை செய்கிறது, எது சும்மா ஒப்புக்கு நிற்கிறது என்று தொலைவிலிருந்தே சொல்வாள். ஆனால் சொல்லக்கூடாது. வேந்தரின் மேனியிலோ செயலிலோ குற்றம் சொன்னவர் வீட்டு அடுப்பை அவித்துவிடவேண்டும் என்பது எங்கள் பழவிதி. கொல்லர் வீட்டில் அடுப்பென்றால் உலை. அவள் வாயைத் திறந்தால் அவள் தந்தையின் உலை அணையும். திறவாவிட்டால் தோணி போகும். கதவின் கீழிடுக்கு வழியே தன் செருப்பைப் பார்த்தபடி குந்தியிருந்தாள். மூன்றாம் நாள் மழையில் அது நனைந்தது. ஐந்தாம் நாள் ஒரு நாய் வந்து ஒற்றைச் செருப்பைக் கவ்விக்கொண்டு போயிற்று. அந்த நாய்க்கு எந்தச் சூளும் இல்லையே என்று பூதனாரிடம் சொல்லி அழுதாளாம்.

“அழாத தாயி,” என்றார் பூதனார். “எனக்கும்தான் வெளிய வேலை கெடக்கு.”

“உங்களுக்கு என்ன வேலை?”

அவர் ஒரு வெற்றிலையைத் துடைத்து மடித்தார். “இல்லதான்,” என்றார்.

எட்டாம் நாள் வேந்தர் இடக்கையை வீசி ஏற்றியபோது, அவள் பொறுமை இழந்து, குண்டைப் பார்த்துத் திட்டத் தொடங்கினாள். அதுவே இவ்வோலையின் தலையில் தாங்கள் கேட்ட சண்டை. வேந்தர் உடனே அமைச்சரைச் சாளரத்துக்கு அழைத்து விதியைப் பார்க்கச் சொன்னார். கண்டீரனார் இரண்டு நாள் பழஞ்சுவடிகளைப் புரட்டி, இரும்பைத் திட்டுவதைத் தடுக்கும் விதி நெடுவரம்பில் எக்காலத்தும் இருந்ததில்லை என்றும், குண்டுக்கு அரசமேனியில் பங்கில்லை என்றும் தீர்ப்புரைத்தார்.

அன்றுமுதல் கொட்டிலில் குண்டுகள் பட்ட பாடு கொஞ்சமன்று. “ஏய் வலக்கையா, மேல போகத் தெரியுது, கீழ வரத் தெரியலையா? தொப்புனு விழுறியே, உன்னை என்ன மரத்துல இருந்தா பறிச்சாங்க?” என்பாள். “மணிக்கட்டை மடக்காத குண்டே, நாளைக்கு நோகும்,” என்பாள். வேந்தரும் நாளடைவில் குண்டின் சார்பில் வாதாடப் பழகினார். “இக்குண்டு காலையில் கஞ்சி குடிக்கவில்லை,” என்பார். “குடிச்சுதே, ரெண்டு சட்டி. மடைப்பள்ளி நல்லம்மை அளந்து ஊத்துனதை நான் பார்த்தேன்,” என்பாள் அவள்.

ஆயினும் கனம் கனமே. பாட்டனார் குண்டு பழகாத கைக்கு ஏறாது. சிறு குண்டைத் தொடுங்கள் என்று வேந்தரிடம் சொல்ல எந்த இரும்பும் உதவவில்லை. அடைபட்டுச் சலித்தவள் ஒருநாள் அந்தச் சிறு இணையைத் தானே எடுத்தாள். பாதங்களை ஓரடி அகலம் ஊன்றி, முழங்காலைச் சற்றே தளர்த்தி, முதுகை நிமிர்த்தி, உள்ளங்கை முன்னோக்க, முழங்கையை வெற்றிலையோடு விலாவில் ஒட்டவைத்து, மூச்சை விட்டபடி மெல்ல ஏற்றினாள். தோளருகே ஒரு கணம் நிறுத்தினாள். மூச்சை இழுத்தபடி, ஏற்றியதைப்போல் இருமடங்கு நேரம் எடுத்து இறக்கினாள். பன்னிரண்டு. வெற்றிலை அசையவில்லை. வேந்தர் வேறெங்கோ பார்ப்பதுபோல் முழுதும் பார்த்தார். அவர் எங்கே பார்த்தார் என்பதை நான் பார்த்தேன்.

மறுநாள் நண்பகல் உணவுக்குப் பின் பூதனார் குறட்டை விட, எயினியும் சுவரோரம் கண்மூடியிருந்தாள். வேந்தர் ஓசைப்படாமல் எழுந்து அந்தக் கிலுகிலுப்பைகளை எடுத்தார். அவள் உறங்கவில்லை, இமையிடுக்கில் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்காம் ஏற்றத்தில் முழங்கை விலகியது. அவள் உறக்கத்தில் பிதற்றுபவள்போல், “குண்டு… விலாவை விட்டுப் போகாத…” என்று முனகினாள். வேந்தர் சிலையானார். அவள் ஒரு குறட்டையும் விட்டாள். முழங்கை விலாவுக்குத் திரும்பியது.

இப்படி நடந்தது பாடம். நாள்தோறும் நண்பகலில் அவள் உறங்காமல் உறங்கவேண்டியதாயிற்று. ஏற்கெனவே கொட்டிலில் சிறை. இப்போது இமைக்குள்ளும் சிறை. கொசு கடித்தாலும் சொறியலாகாது. தும்மல் வந்தால் விழுங்கவேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள், இன்று இரும்புக்கு ஓய்வு, நேற்றுக் காய்ச்சியதை இன்று அடித்தால் விரிசல் விடும் என்று பிதற்றினாள்; வேந்தர் அன்று குண்டைத் தொடாமல் கால்நீட்டி அமர்ந்தார். பதினாறாம் நாள் சிறு குண்டு அவர் கையில் பூப்போல் ஏறியது. பதினெட்டாம் நாள் பாட்டனார் குண்டு மூன்று முறை, இருபதாம் நாள் ஏழு முறை, வெற்றிலை விழாமல் ஏறியது. அவையோரின் வாழ்த்தொலி மட்டும் முதல்நாள் இருந்த அளவே இருந்தது. அதற்குமேல் கூட்ட அவர்களிடம் குரல் இல்லை.

இருபத்திரண்டாம் நாள் பதினொன்று ஏறியது. வேந்தர் குண்டைக் கீழே வைத்து, இயலவில்லை என்றார். இருபத்துமூன்றாம் நாள் ஓய்வையும் விட்டு ஏற்றினார்; அன்றும் பதினொன்று, மீண்டும் இயலவில்லை என்றார்.

நிறைமதி நாள் காலை. துறையில் சங்கு ஊதிவிட்டது. பதினொன்று ஏறி, குண்டுகள் மறுபடியும் தரைக்கு வந்தன. எயினி எழுந்து வந்து, குண்டுகளின் முன்னே குந்தினாள். கத்தவில்லை. சுவருக்கு இப்பால் நான் காதைப் பதித்தும் பாதிதான் கேட்டது. மீதி பின்னர் பூதனார் சொன்னது.

“குண்டே, எனக்குக் கையைப் பத்தித் தெரியும். ஓஞ்ச கை நடுங்கும். நேத்தும் நடுங்கலை, இன்னிக்கும் நடுங்கலை. பன்னெண்டாவது உனக்குக் கனமே இல்லை. ஏன் ஏற மாட்டேங்குற?”

வேந்தர் குண்டுகளின் எதிரே அமர்ந்தார். பிறகு அவரும் குண்டைப் பார்த்தே பேசினார். “வெளியே இக்குண்டு எப்படி ஏறினாலும் வாழ்க என்பார்கள். ஊஞ்சலாடினாலும் வாழ்க, கீழே போட்டாலும் வாழ்க. விளக்கேந்தி நிற்கையில் இது கோணினால் அங்கே சொல்ல ஆளில்லை. கோணுகிறாய் என்று ஒரு குரல் சொன்னது இந்தப் பூட்டிய அறையில்தான். அதனால் குண்டுக்கு வெளியே போக அச்சம்.”

எயினிக்கு இரக்கம் வந்தது. உண்மையை எழுதவேண்டும், வந்தது. ஆனால் துறையில் இரண்டாம் சங்கு ஊதியது.

“கேட்டுக்கோ குண்டே. எங்க அப்பன் ஒரே இரும்புல குண்டும் அடிப்பாரு, விலங்கும் அடிப்பாரு. தூக்குனா குண்டு. ஒருத்தி காலைக் கட்டுனா விலங்கு. நீ எது?”

வேந்தர் எழுந்தார். பூதனார் இருபுறமும் வெற்றிலை செருகினார். ஒன்று, இரண்டு என்று மூச்சோடு ஏறியது. பதினொன்று. பன்னிரண்டு. சாளரத்தில் வாழ்த்து வெடித்தது. அமைச்சரின் கை இடையிலிருந்த திறவுகோலுக்குப் போயிற்று. எயினியின் ஒரு கால் வாயிலை நோக்கி எழுந்துவிட்டது.

அப்போது இடப்புற வெற்றிலை தரையில் கிடந்தது. பன்னிரண்டாம் ஏற்றத்தின் உச்சியில் விழுந்திருந்தது. அவையோர் காணவில்லை. பூதனார் அதைக் கண்டு, குனிந்து எடுத்து, வாயில் போட்டுக்கொள்ளப் போனார். எயினியும் கண்டாள், இரும்பைத் திட்டி வந்த வாய் அன்று திறக்கவில்லை. அவளைக் குறை சொல்லாதீர்கள், பெருமாட்டி. செருப்பு வாசலில் கிடந்தது.

“பூதா, அதை மெல்லாதே,” என்றார் வேந்தர். “விழுந்தது. முதலிலிருந்து.”

அவள் தலையில் கைவைத்து அமர்ந்துவிட்டாள். “இப்பவா ராசா இது வரணும் உங்களுக்கு!” என்று முனகினாள். மூன்றாம் சங்கு ஊதியது. தோணிகள் துறையை விட்டன.

இம்முறை ஐந்தாம் ஏற்றத்திலேயே கை நடுங்கிற்று. எட்டில் நரம்பு புடைத்தது. பத்தில் உதட்டைக் கடித்தார். பதினொன்றில் குண்டு பாதி வழியில் நின்றது, முதன்முறையாக அங்கே ஒருவரும் வாழ்க என்னவில்லை. “மூச்சை விடு குண்டே, விடு, விடு,” என்றாள் எயினி, தரையில் அமர்ந்தபடியே. ஏறியது. பன்னிரண்டாவது எப்படி ஏறியது என்று எனக்குத் தெரியாது; நானும் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். கண் திறந்தபோது இரண்டு வெற்றிலையும் விலாவில் ஒட்டியிருந்தன, வியர்வையில்.

கதவு திறந்தது. ஒற்றைச் செருப்போடு ஓடுவதைவிட வெறுங்காலே மேல் என்று அவள் ஓடினாள். துறையில் தோணி ஒன்றும் இல்லை. தொலைவில், முகத்துவாரத்தின் இப்பக்கம், ஏற்றவற்றம் திரும்புவதற்காக அவை வரிசையாய் நின்றுகொண்டிருந்தன. கரையில் ஒரு கட்டுமரம். அதற்கு உரியவன் உணவுக்குப் போயிருந்தான். பின்னாலேயே ஓடிவந்த வேந்தர் அதைத் தள்ளி, அவளையும் ஏற்றித் துடுப்பை எடுத்தார். பின்னால் கண்டீரனார் கத்திய விதிகளைக் காற்று கொண்டுபோயிற்று. நான் அணைக்கரையோரமாக ஓடினேன். என் வயதுக்கு அது தேவையில்லை, ஆயினும் ஓடினேன்.

பாதி வழியில், அலையோசைக்கு மேலே அவள் குரல் கேட்டது. துடுப்பைப் பார்த்தல்ல, நேராக அவர் முகத்தைப் பார்த்து.

“ராசா, உங்க முதுகு வளையுது. நிமிருங்க.”

வேந்தர் நிமிர்ந்தார்.

அதன்பின் நிகழ்ந்தவை சுருக்கமாக. தோணியின் முன்முனையான அணியத்தில், ஏற்றவற்றம் திரும்பும் கணத்தில், அலவன் எயினிக்குத் தாலி கட்டினான். தாலியை எடுத்துக் கொடுத்தது, குண்டை ஏற்றிய வேந்தரின் கை. இருவரும் இப்போது தங்கள் நாட்டு வடக்குத் தீவில் குடியிருக்கின்றனர். அவன் தோணியை அவள் திட்டுவதாகவும், அவன் தோணிக்காகப் பரிந்து பேசுவதாகவும் உப்பு கொண்டுவருவோர் சொல்கின்றனர். பூதனார் மடைப்பள்ளி நல்லம்மையை மணந்து, அவள் ஊரான மேட்டுப்பாழிக்குப் போய்விட்டார். இருபத்துநான்கு நாள் சாளரம் வழியே கஞ்சி ஊற்றியவள் அளவில் அவருக்கு மட்டும் ஓர் அகப்பை கூடுதலாக விழுந்ததை நான் அன்றே கவனித்திருந்தேன். அமைச்சர் கண்டீரனார் எங்கும் போகவில்லை. திறவுகோல் மட்டும் அவர் இடையிலிருந்து போய்விட்டது.

இவ்வோலையை வேந்தர் முழுதும் படிக்கக் கேட்டார். தம்மை நகைத்த இடங்களை நீக்கச் சொல்வார் என்று ஓலைக்கத்தியும் எடுத்துப் போயிருந்தேன். சேப்பங்கிழங்கு என்ற இடத்தில் தம் மேற்கையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார். மேலே படி என்றார்.

இனி வேந்தர் திருவாய் மலர்ந்தருளிய ஆணை. குற்றம் சொன்னவர் அடுப்பை அவிக்கும் விதி இன்றோடு அவிந்தது. கொல்லுலையின் நெருப்புக்கு அரண்மனை விறகு ஆண்டுதோறும் செல்லும். வளர்பிறை ஏழாம் நாள் தங்கள் வாயிலில் விளக்கேந்த வேந்தர் வருவார். தவறிய நிச்சயத்துக்கு மன்னிப்பும் அன்றே கேட்பார். இளையபிராட்டியார் தண்ணிலையார் திரைக்குப் பின்னே இராமல் முன்னே வந்து நின்று, அவருடைய முழங்கையை மட்டும் நோக்கியிருப்பாராக. அது விலகக் கண்டால், விளக்கைத் திட்டவேண்டாம்.

யானை மருப்புப் பொறித்த நெடுவரம்பு முத்திரை, வேந்தர் தம் கையாலேயே அழுத்தியது. சற்றுக் கோணியிருப்பது கை நோவால், வேறு குற்றமன்று.